பனி உருகும்வரை இரவல்

கடைசி ஆணி மட்டும் வர மாட்டேன் என்றது.

டார்க்கா வெண்ணெய்க் கத்தியின் நுனியைச் சட்டத்தின் இடுக்கில் செருகி நெம்பினாள். கத்தி வழுக்கிக் கட்டைவிரலைக் கீறியது. படத்தில் ரத்தம் பட்டுவிடக் கூடாதே என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

தெருவில் ஹாரன்.

"நாலு பட்டை போட்ட படத்தத் தூக்கிட்டு வர இவ்ளோ நேரமாடீ? எங்க வீட்டு பாத்ரூம் டைல்ஸே இதவிட நல்லாருக்கும்! அஞ்சு மணிக்கு மியூசியத்த சாத்திடுவான்!"

ஹாலியா சித்தியின் குரலுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னலெல்லாம் ஒரு தடையே இல்லை.

"அட்டைல சுத்திட்டு இருக்கேன் சித்தி!"

பொய். குளியலறைத் தரையில் இரண்டு படங்கள் கிடந்தன. ஒன்று மியூசியத்துடையது. இன்னொன்று, பதினாறு வயது டார்க்கா இந்தக் குளிர்காலத்தில் இதே குளியலறையைப் பூட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, அதைப் பார்த்து வரைந்தது.

மியூசியத்தின் சட்டத்துக்குள் தன்னுடையதை வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அசல் இங்கேயே இருக்க வேண்டும். அதற்கென்று பழைய சட்டம் ஒன்றுகூட வாங்கி வைத்திருந்தாள்.

ஒவ்வொரு வருஷமும் முதல் பனிக்கு முன்னால் ஒரு நாள் மியூசியத்தின் கிடங்கைத் திறந்துவிடுவார்கள். ஊரே போர்வையும் காப்பியுமாக வரிசையில் நிற்கும். இருட்டில் கிடக்கிற படங்கள் யார் வீட்டிலாவது தொங்கட்டுமே என்று அள்ளிக் கொடுப்பார்கள். எல்லாம் அசல் ஓவியங்கள். குளிர்காலம் முழுக்க நம் சுவரில் இருக்கும். பனி உருகியதும் திரும்பி வந்துவிட வேண்டும்.

டார்க்காவுக்கு ஓவியத்தின் மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. அப்பா செத்துப்போன நாளிலிருந்து அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பும்மா என்றால் திரும்பவில்லை. சரி, அந்தச் சுவரிலாவது ஏதாவது இருக்கட்டும் என்றுதான் வரிசையில் போய் நின்றாள்.

அவள் முறை வந்தபோது நல்லதெல்லாம் போய்விட்டிருந்தது. சாம்பல் நிறத்தில் நாலு பட்டைகள், நடுவே மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. கிடைத்தது இதுதான்.

ஒரு வாரம் கழித்து அம்மா வாயைத் திறந்தாள்.

"அந்த மஞ்சக் கோடு ஒரு பக்கமா எறங்குது பாரு."

பிறகு அதைச் சரியாகப் பார்ப்பதற்காக எழுந்து உட்கார்ந்தாள். ஆறு உறைந்து கிடந்த ஒரு மாலையில், அதைப் பார்த்துக்கொண்டே ஒரு தட்டு பெரோகிக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டு முடித்தாள். போன வாரம் தானாகவே தலை வாரிக்கொண்டாள்.

இப்போது அந்தச் சுவரில் வெறும் ஆணி. கண்ணாடியைத் துடைத்து எடுத்துவருகிறேன் என்று சொல்லித்தான் டார்க்கா படத்தைக் கழற்றியிருந்தாள்.

திருப்பிக் கொடுக்க முடியாது. பிடிபட்டால் போலீஸ் வரும், பள்ளியில் தெரியும். வரட்டும், தெரியட்டும். முடியாது.

ஆணி வந்துவிட்டது.

பின்பலகையை எடுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு அசலை உருவினாள்.

சட்டம் மறைத்திருந்த ஓரம் முழுக்கப் பென்சில் கோடுகள். சின்னச் சின்னக் கட்டங்கள்.

தன் படத்தைத்தான் எடுத்துவிட்டோமோ என்று ஒரு கணம் நினைத்தாள். அவள் படத்தின் ஓரத்திலும் அதே கட்டங்கள்தான். ஒன்றைப் பார்த்து அப்படியே வரைய வேண்டுமென்றால் முதலில் கட்டம் போட்டுக்கொள் என்பது பள்ளியில் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் அவள் படம் தரையில், தொட்டி ஓரமாக, வைத்த இடத்திலேயே இருந்தது.

கையிலிருந்ததைத் திருப்பினாள். அட்டையின் பின்னால் பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கர். சிவப்பு நரி. பள்ளிக்கு எதிரே இருக்கும் கடையுடையது. அவள் வாங்கிய அட்டையிலும் அதே நரி இருந்தது; நேற்றுத்தான் வெந்நீர் தொட்டுச் சுரண்டி எடுத்தாள்.

அந்தக் கடை திறந்து சில வருஷம்தான் ஆகிறது. மியூசியச் சீட்டின்படி இந்தப் படத்தை வரைந்த ஓவியர் செத்துப்போனது டார்க்கா பிறப்பதற்கு முன்னால்.

படத்தை மறுபடி திருப்பினாள். இடது ஓரத்தில் மஞ்சள் கோடு பென்சில் கோட்டின் மேலேயே நேராகத் தொடங்கியிருந்தது. வலது ஓரத்தில் பென்சில் கோடு அதே உயரத்தில் இருந்தது. மஞ்சள் மட்டும் கீழே இறங்கியிருந்தது.

தனக்கு முன்னால் இதை இரவல் வாங்கிப்போன யாருடைய கையோ நடுங்கியிருக்கிறது.

"டார்க்கா, தொடச்சாச்சா?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா. "கோட்டு மேல கை வெச்சுடாதடீ."

"வெக்கலம்மா."

ஹாரன் விடாமல் அடித்தது.

தன் படத்தை மியூசியத்தின் சட்டத்துக்குள் வைத்தாள். செருப்பின் குதிகாலால் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கினாள். மற்றதைப் பழைய சட்டத்தில் பொருத்திக்கொண்டு போய் அம்மாவின் எதிரே மாட்டினாள். அம்மா தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ம். இப்பத்தான் அறை அறையா இருக்கு."

காரில் மடிமேல் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் டார்க்கா. சித்தி டிராபிக்கைத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். தெரு ஓரங்களில் அழுக்குப் பனி கரைந்து ஓடியது. ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு மாடி ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கோடு நேராக இருக்கிற அந்தப் படம் இதில் எந்த வீட்டில் இருக்கிறது? அதன் எதிரே படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தாரா?