கப்பல் விருந்தில் உத்தரியம்

கடலுக்கு அஞ்சாத ஒரே மனிதன் சேலத்தில் பிறந்தவன், அது தானேதான் என்பது சேவியர்ராஜின் உறுதியான நம்பிக்கை.

அந்தமானுக்குக் கப்பலேறும் மச்சான் தோமினிக்குக்காக வீட்டில் அட்டை நங்கூரமெல்லாம் தொங்கவிட்டு விருந்து வைத்திருந்தார்.

மனைவி இசபெல்லா ஆபத்தில் காக்கும் என்று நம்பி அணியும், துணித்துண்டுகள் கோத்த மாதா உத்தரியத்தை எடுத்துத் தன் அண்ணன் கழுத்தில் போட்டாள். "மூணு நாள் நடுக்கடலுங்கண்ணா. குளிக்கறப்பகூடக் கழட்டாதீங்க."

"ரெண்டு துண்டுத் துணி கப்பலைத் தாங்குமா மச்சான்? பயந்தாங்கொள்ளிக் குடும்பம்டா சாமி!" என்று சிரித்தார் சேவியர்ராஜ்.

"அதான் மாப்ள, தைரியத்துக்கு உங்களுக்கும் சேத்து டிக்கெட் போட்டுட்டேன். காலையில கெளம்பறோம்" என்றார் தோமினிக்.

எல்லோரும் கைதட்டினார்கள். போன கோடையில் ஏற்காடு ஏரியில் படகேறச் சொன்னபோது, கரையில் செருப்புகளுக்குக் காவல் நின்றவர் சேவியர்ராஜ்.

கூட்டம் கேக்கைச் சூழ்ந்ததும் அவர் அடுக்களைக்குப் போனார். இசபெல்லாவின் முன்னால் சட்டைப் பொத்தானைக் கழற்றி, கழுத்தை நீட்டி நின்றார்.