பக்கத்துக் கல்

"இந்தக் கல்லை நான் தேய்க்க மாட்டேன், மிஸ்!"

கோல்பி பிரஷை வாளிக்குள் எறிந்தான். சோப்புத் தண்ணீர் ஞாயிறு பள்ளி டீச்சர் வெர்னாவின் முகத்தில் தெறித்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாள். சபையின் கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகள் மண்டி போட்டுக் கல் கழுவிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடியற்கால ஆராதனை இங்கேதான். எல்லாம் ஒரே அளவுக் கற்கள், தரையோடு தரையாக. நார்த் கரோலினாச் செம்மண் ஒட்டினால் லேசில் போகாது.

"ஏன் மாட்டே?"

"இந்த ஆளு குடிச்சிட்டு மர லாரி ஓட்டினவன். பக்கத்துக் கல்லுல இருக்கறவரோட கார் மேல மோதிக் கொன்னவன். இவனைப் போய் அவர் பக்கத்துலயா புதைப்பாங்க?"

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல செத்தாங்க. நம்ம சபையில செத்த வரிசைப்படிதான் புதைக்கறது. உறவும் பார்க்கறதில்லை, பகையும் பார்க்கறதில்லை."

லாரிக்காரனின் மகள் டெஸ்ஸா அங்கேதான் நின்றாள். தலை நிமிரவில்லை.

"நாளைக்கு நான் வரலை, மிஸ். எல்லாரும் எங்கப்பா கல்லையே பார்ப்பாங்க. நல்லவங்க மட்டும்தானே எழுந்திரிப்பாங்க?"

"அப்படிப் பார்த்தா இந்தத் தோட்டத்துல நாலு பேர் தேறினா அதிகம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டெஸ்ஸா சிரிக்கவில்லை.

"கோல்பி, இயேசு எழுந்து வந்ததும் யாரைத் தேடிப் போனார்?"

"சீஷங்களை."

"அவரைப் பிடிச்சுட்டுப் போனப்ப விட்டுட்டு ஓடின பயலுக. அதுல ஒருத்தன், இவரைத் தெரியவே தெரியாதுன்னு சத்தியம் பண்ணினவன்."

"நல்லாத் திட்டினாரா?"

"மீன் சுட்டு வச்சுட்டு, சாப்பிட வாங்கன்னார். செத்த உடம்பு பழைய கோபத்தோட எழுந்து வந்தா அதுக்குப் பேரு உயிர்த்தெழுதல் இல்லடா."

"அது இயேசுவால முடியும்," என்றாள் டெஸ்ஸா. "பக்கத்துக் கல்லுக்காரர் எழுந்திரிச்சா எங்கப்பாவைச் சும்மா விடுவாரா?"

தேய்க்கும் சத்தம் நின்றது. பிள்ளைகள் எல்லோரும் வெர்னாவையே பார்த்தார்கள்.

வெர்னா வாளிக்குள் கை விட்டு பிரஷை எடுத்தாள். நூல் ஆலையில் காய்த்துப்போன கை. லாரிக்காரனின் பெயர் மேலிருந்த செம்மண்ணை அழுத்தித் தேய்த்தாள். பெயர் வெளுத்து வந்தது.

"ரெண்டு வார்த்தை வைவார். அந்த மனுஷனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்புறம் கை கொடுத்துத் தூக்கி விடுவார்."

"நிஜமாவா, மிஸ்?"

"நிஜமாத்தான். நீ நாளைக்கு வந்து உங்கப்பா கல்லுகிட்ட நில்லு. நானும் பக்கத்துலயே, என் வீட்டுக்காரர் கல்லுகிட்ட நிக்கறேன்."