பார்த்தாலே தெரியும்!

“நீங்களே சொல்லுங்க மேடம், ஒரு போதையை விடறதுக்கு இன்னொண்ணைத் தின்னா, அதுக்குப் பேரு விடறதா?”

கார்லண்ட் கேட்டான். பக்கத்தில் கோட்டும் கைப்பையுமாக உட்கார்ந்திருந்த பெண்மணி பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் லேசாகச் சாய்த்தாள்.

அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்து நீதிமன்றத் தாழ்வாரம். போதை வழக்குகளில் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை தருகிற மன்றத்தில் அவனுக்கு இன்று முதல் விசாரணை. பழக்கத்தை விட உதவும் மருந்தை எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று நீதிபதி கேட்பார். முடியாது என்று சொல்வதற்காகவே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

“சுரங்கத்துல முதுகு முறிஞ்சப்பவே அழாதவன் நான். பல்லைக் கடிச்சுக்கிட்டா, இந்த வலி மாத்திரைப் பழக்கம் தானா ஓடிடும்.”

அவள் புருவத்தை உயர்த்தினாள்.

“சரி, ரெண்டு தடவை கடிச்சேன். பல்லுதான் ஆடுது.”

அவள் தோள்கள் குலுங்கின. வாய் மட்டும் திறக்கவில்லை.

“சிரிக்காதீங்க. அந்த மருந்து சாப்பிடறவங்களைப் பார்த்தாலே தெரியும் மேடம். கண்ணு சொருகி, பாதித் தூக்கத்துல அலைவாங்க. நூறடி தள்ளி நின்னே கண்டுபிடிச்சிடுவேன்!”

அவள் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“ட்வைட்டும் இப்படித்தான் மருந்து வேணாம்னான்” என்றான், குரல் இறங்கி. “என் சுரங்கக் கூட்டாளி. ஜெயில்லேருந்து வந்த அன்னிக்கே பழைய அளவையே போட்டுக்கிட்டான், உடம்பு தாங்கலை. நான்தான் சவப்பெட்டியைத் தூக்கினேன்.”

அவள் அவன் கையை மெல்லத் தட்டினாள்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. என் பொண்டாட்டி மிஸ்டி, குழந்தையைத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நான் மனுஷனானாத்தான் திரும்பி வருவாளாம்... அடடா, ஒரு வார்த்தை பேசாமலே எல்லாத்தையும் கறந்துட்டீங்களே! உங்களைப் போலீஸ்ல சேர்த்தா இந்த ஊர்ல ஒரு திருடன் தப்ப மாட்டான்.”

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். பெண்மணியும் கூடவே எழுந்தாள். ஒருமுறை விழுங்கிவிட்டுக் கையை நீட்டினாள்.

“வாங்க, கார்லண்ட். நான் ராட்லிஃப், கோர்ட் உங்களுக்குக் கொடுத்திருக்கிற வக்கீல். இவ்வளவு நேரம் பதில் சொல்லாததுக்கு மன்னிச்சுக்குங்க. நீங்க திட்டற அந்த மருந்து, நாக்குக்கு அடியில முழுசாக் கரையற வரைக்கும் நான் பேசக் கூடாது!”