பெடல் மேல் கட்டை

உட்கார்ந்ததும் என் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

சீட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தேன். அசையவில்லை. போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள்.

என்னைவிட அரை அடி உயரம் அப்பா. இந்த இடுக்கில் எப்படி உட்காருவார்?

உட்காரவே கூடாது என்பதுதான் பேச்சு. ஒரு கண் போய்விட்டது, இன்னொன்று போய்க்கொண்டிருக்கிறது, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரும் போன மாதம் நின்றுவிட்டார்.

பிக்கப்பை விற்றுவிடலாம் என்றேன். "பார்க்கலாம்" என்றார்.

பார்த்த லட்சணம் இதுதான். முதலில் ஏறுவதற்கு ஒரு படி. பிறகு பெரிய கண்ணாடி. பிறகு கைப்பிடி. இன்று காலையில் மறுபடியும் ஃபிட்டர் கடை. விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு இத்தனை சிங்காரம்?

எனக்கு வெளியூரில் வேலை. திங்கட்கிழமை கிளம்புகிறேன். நான் பஸ் ஏறுகிற வரைக்கும்தான் சத்தியம் போலிருக்கிறது. எங்காவது போய் மோதிவிட்டு எனக்குப் போன் வரும்.

அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. "அவர் வண்டி, அவர் பாடு" என்பாள். அவளுக்குத் தையல் வகுப்பே கதி. ஆறு மாதமாக வாரத்தில் மூன்று நாள் போகிறாள். வீட்டில் ஒரு தலையணை உறைகூட மாறவில்லை.

அதனால்தான் சாவியைப் பிடுங்க நானே கடைக்கு வந்தேன். வண்டியில் சாவி இல்லை.

காலை நீட்டினேன். அங்கேயும் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் மூன்று பெடலிலும் இரண்டு விரல் கனத்துக்குக் கட்டை. மேலே ரப்பர் ஒட்டி, ஆணி தெரியாமல் சுத்தமாகச் செய்த வேலை. நடுக்கண்ணாடியில் சாலை தெரியவில்லை. என் கழுத்துதான் தெரிந்தது.

நான் பட்டம் வாங்கியவள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

"யாருண்ணே இப்படிப் பண்ணச் சொன்னது?"

படியின் நட்டை இன்னொரு தடவை முடுக்கிக்கொண்டிருந்த ஃபிட்டர் நிமிரவில்லை. "உங்கப்பாதாம்மா. அளவுகூட அவரே எழுதிக் கொடுத்தாரு."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் பயோடேட்டாவின் பின்பக்கம். சரியாகப் பார்க்க முடியாதவரின் பெரிய பெரிய எழுத்து, கோணல்மாணலாக.

சீட் முன்னாடி நாலு விரல். பெடல் மேலே ரெண்டு விரல். படி முழங்காலுக்குக் கீழே.

யாருடைய முழங்காலுக்கு?

அப்பா வந்தார், வண்டியின் பக்கவாட்டைக் கையால் தடவிக்கொண்டே. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"திங்கக்கிழமை நான் அந்தப் பக்கம் போனதும் நீங்க இதுல ஏறிடலாம்னுதானே? என் தலையில வச்ச கை என்னப்பா ஆச்சு?"

அவர் என் பக்கம் வரவில்லை. சுற்றிப் போய் அடுத்த பக்கத்துக் கதவைத் திறந்தார். புதுக் கைப்பிடியைத் தேடிப் பிடித்து ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பிடி அந்தப் பக்கம் மட்டும்தான் இருந்தது. அதை அப்போதுதான் கவனித்தேன்.

"நான் ஓட்ட மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றார், நேராகப் பார்த்துக்கொண்டு.

என் பக்கத்துக் கதவு திறந்தது.

"இறங்குடி. முட்டியை மடக்கிக்கிட்டு உள்ள என்ன பஞ்சாயத்து?"

அம்மா. தோளில் தையல் வகுப்புப் பை.

இறங்கினேன். சமையலறை ஸ்டூலில் ஏறுகிற அதே பழக்கத்தில் படியில் கால் வைத்து ஏறினாள். பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். பையில் நூலும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு லைசென்ஸ் அட்டை மட்டும் இருந்தது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பாடம் எடுப்பே."

ஃபிட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அப்பா அடக்கவில்லை.

வண்டி உறுமியது. கிளம்பும்முன் அம்மா ஒருமுறை நடுக்கண்ணாடியைப் பார்த்தாள்.

தொடவில்லை. தொட வேண்டியிருக்கவில்லை.