பின்னணிப் படம்

தலைவரின் நெற்றியில் ‘புகார்கள்’ என்று எழுதியிருந்தது.

தொழிலாளர் சங்கச் செயலாளர் நல்லமுத்து ஹட்டனில் இருந்த அந்தச் சிறிய மென்பொருள் அலுவலகத்துக்குப் படியேறி வந்து, மூச்சு வாங்கக் கைப்பேசியை விஜிதரனின் மேசையில் வைத்தார்.

“என்ன தம்பி இது? திருநீறு இருக்க வேண்டிய எடத்துல எழுதி வச்சிருக்கீங்க. தலைவர் பாத்தா என்ன சொல்லுவாரு?”

தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் தங்கள் குறைகளைக் கைப்பேசியிலேயே அனுப்பட்டும் என்று சங்கம் செய்யச் சொன்ன செயலி அது. மூன்று தோட்டங்களில் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையின் உச்சியில், பக்கத்தின் பெயர் வரும் பட்டைக்கு விஜிதரன் வெறும் பச்சையைத்தான் பின்னணியாக வைத்திருந்தான். அங்கே தலைவரின் படம் வரவேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. படம் வந்ததும் எழுத்து நெற்றியில் ஏறிவிட்டது.

விஜிதரன் பொறுமையாக விளக்கினான். பட்டை ஒரு விரல் உயரம்கூட இல்லை. எழுத்தை வாசிக்க முடியாவிட்டால் சனங்களுக்குத்தான் கஷ்டம்.

“சனங்களுக்குத் தலைவர் மொகம் தெரிஞ்சா போதும் தம்பி. மத்ததெல்லாம் அதுகளே கண்டுபிடிச்சிக்கிருங்க.”

அவர் போனதும் பக்கத்து மேசை வினோதா சிரித்தாள். விஜிதரன் சிரிக்கவில்லை. அவன் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவன்.

“இவங்களுக்கு மூஞ்சிதான் முக்கியம். லயத்துல உள்ளவங்க எக்கேடு கெட்டா என்ன” என்றான்.

ஆனாலும் வேலையை அரைகுறையாக விடுவது அவன் வழக்கமில்லை. முகத்தை வலப்பக்கம் ஒதுக்கினான். இடப்பக்கம் மெல்லிய இருட்டைப் பரப்பி, அதன் மேல் வெள்ளை எழுத்து வைத்தான். சில கைப்பேசிகளில் கமெராத் துளை தலைவரின் கண்ணில் விழுந்தது. சிலவற்றில் படம் அகலமாக இழுபட்டது. தலைவருக்கு எப்போது கன்னம் வீங்கிக் கூவைக்கட்டு வந்தது என்று நல்லமுத்து குரல் பதிவு அனுப்பிக் கேட்டார். பழைய மலிவுக் கைப்பேசிகளில் அருகருகே இரண்டு தலைவர்கள் தெரிந்தார்கள். சங்கம் உடைந்துவிட்டதென்று ஊரெல்லாம் பேசுவார்கள் என்று பதறி, அவர் மறுபடியும் படியேறி வந்தார்.

விஜிதரன் தெரிந்தவர்களிடமெல்லாம் பழைய கைப்பேசிகளை இரவல் வாங்கினான். ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தான். ஒரு மாதம் அதிலேயே போனது.

வெளியீட்டு விழாவில், மண்டபத்துப் பெரிய திரையில் தன் முகத்தைப் பார்த்துத் தலைவர் தலையசைத்தார். விஜிதரனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்.

கூட்டம் கலையும்போது ஒரு பெண் அவனிடம் வந்தாள். பெயர் சண்முகவடிவு, றொசல்லைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவள். கையில் மகளின் கைப்பேசி.

“இத செஞ்சது நீங்கதானாமே தம்பி. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

கண்ணாடி விரிசல் விட்ட கைப்பேசி. விஜிதரனின் கண் முதலில் உச்சிப் பட்டைக்குத்தான் போனது. அதிலும் முகம் இழுபடவில்லை. எழுத்து பளிச்சென்று இருந்தது. அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

அதன் கீழே அவள் அனுப்பிய மூன்று புகார்கள். லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடித்திருக்கிறது. வெடிப்பு பெரிதாகிறது. இப்போது கை உள்ளே போகிறது. மூன்றுக்கும் பக்கத்தில் பச்சை நிறச் சரி அடையாளம். ‘உங்கள் புகார் கிடைத்தது. விரைவில் வந்து பார்ப்பார்கள்.’

கடிதம் எழுதிக்கொண்டு போனாளாம். இனி எல்லாம் போனில்தான் என்று தோட்டக் கமிட்டியில் அதை வாங்க மறுத்துவிட்டார்களாம். மழை தொடங்கியதும் லயத்தில் மற்ற ஐந்து குடும்பமும் பாய் தலையணையோடு, பகலில் தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கிவிட்டது.

“நீங்க போகலையா?”

“எப்புடிப் போறது? வந்து பாக்கிறப்ப வீடு பூட்டிக் கெடந்தா, ஆளில்லன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. பொறகு நாம போயி நின்னா நம்ம புகார எடுப்பாங்களா? அதான் நானும் மகளும் அங்கனயே கெடக்கோம். இப்பவும் அவளக் காவலுக்கு வச்சிட்டுத்தான் வந்தேன். எப்ப வருவாங்க தம்பி?”

பக்கத்தில் நின்ற நல்லமுத்து குறுக்கே வந்தார்.

“அதான் கெடச்சிருச்சுன்னு போட்டிருக்கே. பயப்படாம போங்கம்மா.”

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இவுக இப்புடித்தான் சொல்லுவாக. செஞ்சவுக நீங்க சொல்லுங்க.”

விஜிதரன் பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தான்.

“வருவாங்கக்கா” என்றான்.

அவள் முகம் தெளிந்தது. கைப்பேசியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க மழையில் இறங்கி ஓடினாள்.

‘அனுப்பு’ என்று அழுத்தினால் போதும், பச்சை அடையாளம் அந்தக் கைப்பேசியே தனக்குத்தானே போட்டுக்கொள்வது. புகார் அதைத் தாண்டி எங்கும் போகாது. யாருக்குப் போக வேண்டும் என்று சங்கம் அவனுக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு மாதத்தில் அவனும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.