வாயால் சொல்லாத பேர்

உன்னைக் கிணற்றில் தள்ளியது யார் என்று கேட்டதும் சம்பூர்ணத்தின் கை தாலியைத்தான் பிடித்தது.

சாட்சிக் கூண்டில் நின்ற அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். உடைந்த இடது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சந்தை நாள் ஆனதால் அரியலூரே கோர்ட்டு வாசலில் கூடி வேடிக்கை பார்த்தது.

“பேரச் சொல்லும்மா,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் மூன்றாவது முறையாக. “ஆளப் பாத்தியா, இல்லியா?”

“பாத்தேனுங்க.”

“அப்பறம் சொல்றதுக்கென்ன?”

“அந்தப் பேர நான் வாயால சொல்லக் கூடாதுங்க.”

சொல்லும்போதே அவள் கண் வாசல் பக்கம் போய் மீண்டது. அங்கே அவள் மாமனார் நல்லுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை ஒட்டி அவள் புருஷன் மாயவன் நின்றான். ஒரு போலீஸ்காரர் சத்தமில்லாமல் நகர்ந்து மாயவனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மாஜிஸ்திரேட் லீலா மேரி பேனா மூடியைத் திருகினார். இந்தப் பதில் அவருக்குப் புதிதில்லை. இன்னும் சொல்லப்போனால், அவருக்குப் பேரும் புகழும் வாங்கித் தந்ததே இந்தப் பதில்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது சிரிக்காத வக்கீல் இல்லை. “பொம்பள மாஜிஸ்திரேட்டாம், தீர்ப்பத் தாலாட்டாப் பாடுவாங்களோ?” என்று அவர் காதுபடவே பேசினார்கள். அந்தச் சமயத்தில்தான் இதே நல்லுசாமியின் மூத்த மகன் முருகையனுடைய பெண்டாட்டி பொன்னுத்தாயை, உடம்பெல்லாம் வெந்துபோன நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். மரண வாக்குமூலம் எழுத லீலா மேரி ஓடினார்.

“யாரும்மா தீ வச்சது?”

“சொல்லக் கூடாத பேருங்க,” என்றாள் பொன்னுத்தாய். கொஞ்ச நேரம் கழித்து, “அவரு காலைலேருந்து ஒண்ணும் சாப்புடலீங்க. யாராச்சும் சாப்புடச் சொல்லுங்க,” என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

“பேர் இல்லாத வாக்குமூலத்த வச்சு என்ன பண்றது?” என்று உதட்டைப் பிதுக்கினார் டாக்டர்.

லீலா மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆம்பளைகளுக்கு என்ன தெரியும்! வரதராஜன்பேட்டையில் அவருடைய அம்மா மதலேனம்மாள், புருஷன் பேர் அமிர்தசாமி என்பதற்காக அமிர்தாஞ்சனத்தைக்கூடத் ‘தலவலித் தைலம்’ என்றுதான் கேட்டு வாங்குவார். ஒரு பெண்டாட்டி சாகும்போதுகூடச் சொல்ல மாட்டேன் என்கிற பேர் யாருடையதாக இருக்கும்? தன்னைக் கொளுத்தியவன் சாப்பிட்டானா என்று கவலைப்படுகிற அளவுக்குப் பெண்களைப் பழக்கி வைத்திருக்கிறார்களே என்று வயிறெரிந்து, எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி மேல்கோர்ட்டுக்கு அனுப்பினார்.

“எம் மவன் முன்கோவக்காரனுங்க,” என்று நல்லுசாமியும் அங்கே சாட்சி சொன்னார். பெற்ற மகனென்றும் பார்க்காத நியாயஸ்தர் என்று ஊரே அவரை மெச்சியது. முருகையன் மட்டும் கடைசிவரை “நான் இல்லீங்க, நான் இல்லீங்க” என்று கதறினான். கதறக் கதறத் தூக்கில் போட்டார்கள்.

ஒரு பெண் உட்கார்ந்ததால்தான் ஒரு பெண்ணின் மௌனம் புரிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. சிரித்த வக்கீல்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் ஏறாத பெரிய பதவிக்கு லீலா மேரியின் பேர் போயிருந்தது. உத்தரவு இந்த மாதமே வரலாம் என்றார்கள்.

இப்போது அதே வீடு, அதே பதில். இன்றைக்கு மாயவன் பேர் காகிதத்தில் ஏறிவிட்டால் அவன் ஆயுசுக்கும் வெளியே வர முடியாது.

பெஞ்சு கிளார்க் கிருஷ்ணமூர்த்தி குனிந்து கிசுகிசுத்தார். “அண்ணன் போன வழியிலயே தம்பியும் போறான். அந்த வூட்டு ரத்தம் அப்படிங்கம்மா. மாயவன்னு எழுதிடட்டுங்களா?”

“எழுதுங்க” என்று சொல்ல வாயெடுத்த லீலா மேரி நிறுத்திக்கொண்டார். சந்தேகம் ஒன்றும் இல்லை. பொன்னுத்தாயிடம் இரண்டாவது கேள்வி கேட்க உயிர் விட்டு வைக்கவில்லை. இவள்தான் முழுசாக எதிரே நிற்கிறாளே, முறைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பட்டது.

“பயப்படாத சம்பூர்ணம். உன் புருஷன் பேருங்கறதாலதானே சொல்ல மாட்டேங்கற?”

சம்பூர்ணம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் அவள் தன் புருஷனை ஒட்டி நின்ற போலீஸ்காரரைப் பார்த்தாள்.

“அய்யய்யோ, அவரு இல்லீங்க தாயி! அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க!”

லீலா மேரியின் விரல்களிலிருந்து பேனா நழுவி மேஜையில் உருண்டது. “பின்ன... வேற யாரு பேரச் சொல்லக் கூடாது உனக்கு?” என்று கேட்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

“மாமனாரு பேரயுந்தான் நாங்க சொல்றதில்லீங்களே.”