முட்டி மடங்கவில்லை

"மடக்காத புள்ள, உயிரு போவுது," என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் வேலாயி. முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து எட்டு வாரம். இந்நேரம் வாசல்வரை நடந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ வாக்கரைப் பிடித்து நான்கு அடி வைப்பதற்குள் ஊரைக் கூட்டினாள்.

மகள் தேவமலர்தான் காலை நீவிவிட்டாள். தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டினாள். அவளுடைய முழுக்கைச் சட்டை தொப்பலாக நனைந்தது.

"சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கயேன்."

"பரவால்லம்மா."

செங் ஊர்த் தொழிற்சாலையில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள சிம்பாங் அம்பாட் வீட்டுக்கு வந்திருந்தாள். "அத்தை நடக்கிற வரைக்கும்தான்," என்று சொல்லித்தான் கணவன் கிஷன் அனுப்பினான். மாமியாருக்கு ஆபரேஷன் என்றால் எந்த மருமகனால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? இப்போது தினமும் போன் அடித்து, "நடந்துட்டாங்களா?" என்று கேட்கிறான்.

அன்று காய்கறி வாங்கப் பசாருக்குக் கிளம்பிய தேவமலர், பர்ஸை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினாள். பின்வாசலில் வாளிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

வேலாயி ஒரு கையில் தண்ணீர் வாளியோடு மூன்று படியும் ஏறி வந்துகொண்டிருந்தாள். வாக்கரில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

பெற்ற தாயே இப்படி ஏமாற்றுவாளா?

"எத்தன நாளா நடக்குற?"

வேலாயி வாளியைக் கீழே வைத்தாள். "மூணு வாரமாச்சு."

"மூணு வாரமா நடிச்சிருக்க. திங்கக்கெழம வரலன்னா வேல இல்லன்னு லெட்டர் போட்டுட்டாங்க. நாளாக நாளாக அங்க அவருக்குக் கோவம் ஏறுது. நீ கத்துறதக் கேட்டுட்டு நான் சாமி மேடையில போய் அழுதேன்மா. என்னை முட்டாளாக்கிட்டல்ல?"

தேவமலர் அழுதுகொண்டே உடுப்புகளைப் பையில் திணித்தாள். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று இருந்தது அவளுக்கு.

வேலாயி மெல்ல வந்து எதிரில் நின்றாள். மகளின் வலது கையைப் பிடித்து, சட்டையை முழங்கைவரை சுருட்டினாள். இஸ்திரிப் பெட்டியால் சுட்ட தழும்பு. பெட்டியின் முனைகூட அப்படியே பதிந்திருந்தது.

"ஆஸ்பத்திரி நாற்காலியில நீ தூங்குனப்பவே பாத்துட்டேன். வேலைக்கு இங்கேருந்தே போ. விடியக்கால பஸ் இருக்குலா."

தேவமலர் வாயைத் திறப்பதற்குள் ஹாலில் போன் அடித்தது. அவள் சுருட்டிய சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டாள்.

வேலாயி விறுவிறுவென்று நடந்துபோய் எடுத்தாள்.

"எங்க மாப்ள, இந்த சென்மத்துல நான் நடப்பேன்னு தோணல."